பதின்ம வயதில் சொந்த நிலத்தில் உழைத்தவர்கள் கொஞ்சம் பேசலாமா?

#1 கீழ்பவானி மடை

வணக்கம். கோபிசெட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். எண்பதுகளில் ஏழாவது படிக்கும்போது ஆரம்பித்து பன்னிரண்டாவது முடிக்கும் வரை, பள்ளிக்கூடம் போன நேரம் தவிர மீதி நேரமெல்லாம் தோட்டத்தில்தான். மஞ்சள், கரும்பு, வாய்க்கால் தண்ணீர் வருகிற வருடம் நெல்.

அந்த வயதைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டே விதமாக எழுதுகிறார்கள். அந்தக் காலத்தில் எவ்வளவு சந்தோஷம் என்பது ஒன்று. எவ்வளவு கஷ்டப்பட்டு முன்னேறினேன் பாருங்கள் என்பது இன்னொன்று. இரண்டிலும், செய்த வேலை என்ன வேலை என்பதே காணாமல் போய்விடுகிறது. அதனால்தான் இந்த இழை. என்ன பயிர், என்ன வேலை, யார் சொல்லிக்கொடுத்தார்கள், இப்போது அதை எப்படிப் பார்க்கிறீர்கள் என்று எழுதுங்கள்.

முதலில் என் பங்கு. எங்களுக்குக் கீழ்பவானி வாய்க்கால் பாசனம். ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் விடுவார்கள். இந்த வருடம் எங்கள் மதகுக்கு நஞ்சைத் தண்ணீர் என்றால் அடுத்த வருடம் தைக்கு மேல் புஞ்சைத் தண்ணீர்தான் கிடைக்கும். இடைப்பட்ட நாளெல்லாம் கிணறும் மோட்டாரும். ராத்திரி முறை கரண்ட் வந்தால் மோட்டார் போட்டு மஞ்சளுக்குத் தண்ணீர் கட்டுவது என் வேலை. இருட்டில் பாத்தி நிறைந்ததைக் கண்ணால் பார்க்க முடியாது. பாத்தியின் கடைசி முனையில் வெறுங்காலோடு நிற்பேன். தண்ணீர் காலில் ஏறியதும் ஓடிப்போய் இந்த மடையை அடைத்து அடுத்த மடையைத் திறக்க வேண்டும். இரண்டு வெட்டு மண்ணில் மடை அடைபட வேண்டும். அதற்கு மேல் வெட்டினால் வாய்க்கால் கரை தேய்ந்துவிடும், காலையில் அப்பா அதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்.

மாசியில் மஞ்சள் வேக வைப்பது தனி வேலை. கொப்பரையில் போட்டு, மேலே மஞ்சள் செடியின் தாளும் நனைத்த சாக்கும் மூடி, அடியில் கரும்புச் சோகையும் காய்ந்த தாளும் எரிப்போம். நுரை பொங்கி ஆவி அடிக்கும்போது பச்சை வாசம் போய் வேறு வாசம் வரும். அப்போது அம்மா ஒரு விரலியை, அதாவது விரல் மாதிரி நீண்ட மஞ்சள் துண்டை, எடுத்து ஈர்க்குச்சியால் குத்திப் பார்ப்பார். தடையில்லாமல் குச்சி இறங்கினால் பதம். வேகாமல் எடுத்தால் காய்ந்த பிறகு பூச்சி விழும், அதிகம் வெந்தால் நிறம் போய்விடும். ஈரோட்டு மண்டியில் நிறத்துக்குத்தான் விலை. ஐந்து மூட்டை பச்சை மஞ்சள் காய்ந்தால் ஒரு மூட்டைதான் தேறும் என்பதால், ஒரு கொப்பரை கெட்டாலும் நஷ்டம் பெரிது. அந்தக் குச்சியை என் பதினைந்தாவது வயதில் அம்மா என் கையில் கொடுத்தார். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை பரீட்சையில் முதல் மார்க் வாங்கியபோதுகூட இல்லை.

ஒரு விஷயம் மட்டும் இப்போது உறுத்துகிறது. அப்பா ஒழுங்காகக் கணக்கு எழுதுவார். களைவெட்டுக்கு எத்தனை பெண் ஆள், மஞ்சள் வெட்டுக்கு எத்தனை ஆண் ஆள், யூரியா, எரு, ஈரோட்டுக்கு வண்டி வாடகை என்று எல்லாம் அதில் இருக்கும். அம்மாவுக்கும் அக்காவுக்கும் எனக்கும் ஒரு வரி கிடையாது. லாபம் என்று அவர் அடிக்கோடு போட்ட தொகையில் பெரும்பகுதி எங்கள் மூன்று பேர் கூலிதான். அப்பா மேல் கோபம் இல்லை, தன் கூலியையும் அவர் எழுதிக்கொண்டதில்லை. ஆனால் அந்த உழைப்புக்கு ஒரு கணக்கு இருந்திருக்க வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

#2 கிட்டிக்காரன்

நல்ல இழை. நான் மன்னார்குடிப் பக்கம். தொண்ணூறுகளில் எனக்குப் பதின்மூன்று, பதினாலு வயது. குறுவைப் பட்டத்துக்கு ஆடுதுறை 36 நெல், சம்பாப் பட்டத்துக்கு சி.ஆர். 1009 நெல். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்தால் எங்கள் ஊர் வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்துசேர இன்னும் பல நாள் ஆகும். அதற்குள் வாய்க்கால் தூர்வாரி, அண்டை வெட்டி வைக்க வேண்டும். அண்டை வெட்டுவதை எல்லாரும் சாதாரண வேலை என்று நினைப்பார்கள். பழைய வரப்பின் பக்கவாட்டைச் சீவி, புல்லை வேரோடு எடுத்து, சேற்றை அள்ளி அப்பி, மண்வெட்டியின் முதுகால் ஒரே வீச்சில் இழுத்து வழவழப்பாக்க வேண்டும். ஓட்டை விட்டுவிட்டால் அதில் நண்டும் எலியும் வந்துவிடும், கட்டிய தண்ணீர் ராத்திரியோடு பக்கத்து வயலுக்குப் போய்விடும்.

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் கற்றுக்கொண்ட பெரிய வித்தை எலிக்கிட்டி. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். மூங்கில் சிம்பை வளைத்து நாண் பூட்டி, நடுவில் சின்னக் குச்சியில் இரையை வைத்து நிறுத்துகிற பொறி அது. எலி இரையை இழுத்தால் குச்சி நழுவும், வில் விரியும், கழுத்து மாட்டிக்கொள்ளும். செய்வது சுலபம். எங்கே வைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கதிர் இன்னும் தண்டுக்குள் இருக்கிற தொண்டைக்கதிர் பருவத்தில்தான் எலி அதிகம் வெட்டும். நெல் தூர் சாய்வாக வெட்டுப்பட்டிருக்கும். வெட்டு வாய் வெளிறி ஈரமாக இருந்தால் நேற்று ராத்திரி வந்த எலி, பழுப்பாகிவிட்டால் பழைய தடம், அங்கே வைத்துப் பயன் இல்லை. பொழுது சாயும்போது வைத்து, விடிவதற்குள் எடுத்துவிட வேண்டும். தாமதித்தால் நாயோ காக்கையோ கிட்டியோடு தூக்கிக்கொண்டு போய்விடும்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது அப்பா இல்லை. எங்கள் வயலுக்குக் கிட்டி வைக்க வருகிற பெரியவர் ஒருவர். எலிக்கு இவ்வளவு என்று கூலி. அவர் பின்னாலேயே சுற்றி, வெட்டைப் பார்க்கக் கற்றுக்கொண்டேன். இன்றைக்கும் எந்த வயல் வரப்பில் நடந்தாலும் கண் முதலில் தூருக்குத்தான் போகும்.

#3 செம்மண்

யாழ்ப்பாணம், உரும்பிராய். இப்போது டொராண்டோவில் இருக்கிறேன். எங்கள் கதை கொஞ்சம் வேறு மாதிரி.

ஐயா தோட்டம் செய்து நன்றாக இருந்த காலம் எழுபதுகள். 1970-லிருந்து 1977 வரை வெளியிலிருந்து வெங்காயம், மிளகாய் இறக்குமதியை இலங்கை அரசாங்கம் கட்டுப்படுத்தி வைத்திருந்தது. அப்போது செம்மண்ணில் போட்டதெல்லாம் காசு. கல்வீடு கட்டினவை, பிள்ளைகளைப் படிப்பித்தவை எல்லாம் அந்த மிளகாயில்தான். எழுபத்தேழுக்குப் பிறகு இறக்குமதி திறந்துவிட, விலை விழுந்தது.

நான் தோட்டத்துக்கு இறங்கிய வயதில் சண்டை. 1990-க்குப் பிறகு மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு, கிடைத்தாலும் விலை கொடுத்து வாங்க ஏலாது. யூரியா தடைப்பட்டியலில். தண்ணீர் இறைக்கிற மெசின் மூலையில் கிடந்தது. ஐயா கிணற்றில் தண்ணீர் இறைக்கிற பழைய துலாவை, உங்கள் பக்கம் ஏற்றம் என்பீர்களே, அதைத் திருத்தி எடுத்தார். துலாவைத் தாங்கும் ஆடுகாலுக்கு மேலே துலாவில் ஏறி முன்னும் பின்னும் நடக்க நானும் மச்சானும். கீழே கிணற்றடியில் தண்ணீர் அள்ளுகிற பட்டையைப் பிடிப்பது ஐயா. வாய்க்காலில் தண்ணீர் மாறுவது தங்கச்சி. துலா மிதிக்கிற இரண்டு பேருக்கும் ஒரே கால் கணக்கு வேண்டும். ஒருவர் அரை அடி பிந்தினாலும் மரம் குலுங்கும், பட்டையில் பாதி கிணற்றுக்குள்ளேயே கொட்டிவிடும். விழுந்தால் கிணறு. பிடித்து நடக்க மேலே ஒரு தடி கட்டியிருக்கும், அவ்வளவுதான்.

யூரியா இல்லாதபடியால் குழை தாட்டோம். இலையோடு பூவரசம் குழை வெட்டிச் சுமந்து வந்து, சால் எடுத்து, பரப்பி, மண் மூடுவது. அது என் தாத்தா காலத்து முறை. ஐயாவுக்கே பாதி மறந்துபோயிருந்தது, அப்பாச்சி வந்து வரம்பில் இருந்துகொண்டு சொல்லித் தந்தா. வெங்காயம் நன்றாகவே வந்தது. மண்ணும் இளகி வந்தது.

1995 அக்டோபர் 30 இரவு வலிகாமம் முழுக்க வெளிக்கிட்டபோது எங்கள் தோட்டத்தில் கத்தரி காய்க்கத் தொடங்கியிருந்தது. நாவற்குழிப் பாலத்தால் போகும்போது சனத்துக்குள் நசிபட்டு நின்றுகொண்டும் ஐயா கேட்டது, "இண்டைக்கு இறைப்பு முறை எல்லோ?" என்று.

எனக்கு அந்த வேலை தந்தது என்ன என்று கேட்டால், உடம்பால் செய்கிற எந்த வேலைக்கும் இன்று வரைக்கும் பயமில்லை. பறித்தது என்ன என்றும் சொல்ல வேண்டும். ஓ.எல். என்கிற சாதாரண தரப் பொதுச் சோதனைக்கு நான் படித்ததெல்லாம் துலா இறங்கிய பிறகு, குப்பி விளக்கில். தங்கச்சி என்னைவிடக் கெட்டிக்காரி, அவவுக்கும் அதே நிலைமை.

#4 மல்லி

செம்மண் அண்ணா தங்கையைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். இங்கே இதுவரை ஆண்கள் மட்டும்தான் பேசியிருக்கிறீர்கள்.

நான் நிலக்கோட்டைப் பக்கம். எங்கள் தோட்டத்தில் மல்லிகை. நெல், மஞ்சள் மாதிரி வருடத்துக்கு ஒரு அறுப்பு கிடையாது, பூ இருக்கிற மாதமெல்லாம் தினம் அறுப்புதான். மொட்டு விரிந்தால் விலை போய்விடும். அதனால் விடியற்காலை நாலு மணிக்கு டார்ச்சை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். மடியைக் கட்டிக்கொண்டு, கட்டைவிரல் நகமும் ஆள்காட்டி விரலும் காம்பைத் தொடுகிற இடத்தில் கிள்ள வேண்டும். காம்பு நீளமாக வந்தாலும் தப்பு, மொட்டு நசுங்கினாலும் தப்பு. நாளைக்கு மலரப்போகிற மொட்டு எது, இன்றைக்குப் பறிக்க வேண்டியது எது என்று பருமனையும் வெளுப்பையும் பார்த்து முடிவு பண்ண வேண்டும். இருட்டில் அதை விரலால் தடவியே சொல்லிவிடுவேன். சாயங்காலம் ஒரு சுற்று நடந்து வந்து, மறுநாள் எத்தனை கிலோ வரும் என்று சொல்வேன். அப்பா அதை நம்பித்தான் பூ மார்க்கெட்டில் கடைக்காரரிடம் சொல்லி வைப்பார். கார்த்திகை, மார்கழிப் பனியில் பூ குறைந்து விலை ஏறும். கிளைகளைக் கழித்துக் கவாத்து வெட்டுகிற காலமும் அதுதான். எந்தக் கிளையை எவ்வளவு விடுவது என்று கடைசி இரண்டு வருடம் நான்தான் முடிவு செய்தேன்.

என் தம்பிகள் இரண்டு பேரும் ஆறரை மணி வரை தூங்குவார்கள். பசங்களுக்குப் படிப்பு இருக்கிறதே என்பார் அம்மா. எனக்கும் படிப்பு இருந்தது. பூவை மூட்டை கட்டிவிட்டு ஓடினால் முதல் மணி அடித்துவிட்டிருக்கும், வகுப்புக்கு வெளியே நிற்பேன். பத்தாவதோடு நிறுத்திவிட்டார்கள்.

எனக்கு 1988-ல் கல்யாணம். அப்பா போன பிறகு தோட்டத்தைத் தம்பிகள் பிரித்துக்கொண்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லை. உனக்குத்தான் சீர் செய்தாயிற்றே என்றார்கள். முதல் பதிவில் கணக்கு நோட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். என் உழைப்பு நோட்டில் மட்டும் இல்லாமல் போகவில்லை, பத்திரத்திலும் இல்லாமல் போனது. தம்பிகளோடு நன்றாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் இதை எங்கேயாவது சொல்லத்தான் வேண்டும்.

#5 வெண்ணாற்றங்கரை

இழையின் தலைப்பு சொந்த நிலம் என்கிறது. எங்களுக்கு அப்போது சொந்த நிலம் இல்லை, இருந்தும் எழுதுகிறேன். தவறாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

என் தாத்தா பண்ணையாளாக இருந்தவர். 1952-ல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தும் கூலி நெல்லுக்காகப் பேச முடியாத காலம் நீண்டது. 1968 டிசம்பர் 25-ல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது கூலி உயர்வு கேட்ட சச்சரவின் தொடர்ச்சிதான். எங்கள் வீட்டில் அதை ஏதோ வரலாறு என்று பேசமாட்டார்கள், நேற்று நடந்தது என்றே பேசுவார்கள்.

நான் எட்டாவது படிக்கும்போது லீவு நாளில் அம்மாவோடு நாற்றுப் பறிக்கப் போவேன். எனக்கு அரைக் கூலி. அம்மாவின் கை வேகத்தை இன்றைக்கும் விவரிக்கத் தெரியவில்லை. இரண்டு கையிலும் பறித்து, வேரில் ஒட்டிய சேற்றைத் தண்ணீரில் அலசி, காலில் ஒரு தட்டுத் தட்டி, பழைய வைக்கோல் பிரியால் ஒரு சுற்று. நாற்று முடி, அதாவது கட்டு, தயார். நாற்று முற்றிவிட்டதா, இன்னும் இரண்டு நாள் தாங்குமா என்று வேரின் வெள்ளையைப் பார்த்துச் சொல்வார். நிலத்துக்காரர் அதைக் கேட்டுக்கொண்டுதான் நடவு நாள் குறிப்பார்.

பிறகு அப்பாவுக்குக் கோயில் நிலத்தில் இரண்டு மா குத்தகைக்குக் கிடைத்தது. மற்ற ஊர்க்காரர்களுக்கு, ஒரு மா என்பது நூறு குழி, மூன்று மா சேர்ந்தால் ஒரு ஏக்கர். அதன் பிறகு காலையில் இன்னொருவர் வயலில் கூலிக்கும் சாயங்காலம் எங்கள் இரண்டு மாவில் எங்களுக்காகவும் ஒரே வேலையைச் செய்தேன். அதே சேறு, அதே நாற்று. ஒன்றில் நான் வேலைக்கு வந்த பையன், மற்றதில் விவசாயம் பழகுகிற பையன். அந்த இரண்டு மாவில் நட்ட முதல் குறுவையை அப்பா வரப்பில் உட்கார்ந்து பொழுது இறங்கும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

கிட்டிக்காரன் எழுதிய அந்தப் பெரியவரைப் படித்ததும் இதைச் சொல்லத் தோன்றியது. நம் குடும்ப விவசாயம் என்று நாம் சொல்கிற எல்லாவற்றுக்குள்ளும் குடும்பத்தில் இல்லாதவர்களின் வித்தை இருக்கிறது. அவர்கள் பிள்ளைகளும் அதே வயதில் அதே வேலையைத்தான் செய்தார்கள். அவர்களுக்கு வித்தை வந்தது, நிலம் வரவில்லை.

#6 கிட்டிக்காரன்

வெண்ணாற்றங்கரை, இதில் தவறாக எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை. அந்தப் பெரியவரின் பேரனும் நானும் ஒரே வகுப்பு. அவன் ஒன்பதாவதில் நின்றுவிட்டான், நான் கல்லூரிக்குப் போனேன். இரண்டு பேரும் ஒரே வயலில்தான் கிட்டி வைத்தோம்.

இப்போது நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறோம். 2012-லிருந்து 2019 வரை ஒரு வருடம்கூட மேட்டூர் ஜூன் 12-ல் திறக்கவில்லை. அந்த எட்டு வருடத்தில் குறுவை என்பதே ஆழ்துளைக் கிணறு வைத்திருப்பவர்களுக்கு மட்டும் என்றாகிவிட்டது. 2020-ல் திரும்ப ஜூன் 12-ல் திறந்தார்கள், அதற்குள் என் வயதுக்காரர்களில் பாதிப்பேர் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டிருந்தோம்.

#7 கரும்பலகை

அரசுப் பள்ளி ஆசிரியர் நான். இரண்டு தகவல்கள், ஒரு கருத்து.

முதல் பதிவில் கேட்ட கணக்கு அரசாங்கத்திடம் இருக்கிறது. குறைந்தபட்ச ஆதரவு விலைக்குச் செலவைக் கணக்கிடும்போது, கையிலிருந்து செலவழித்ததை ஏ2 என்றும், அதோடு குடும்பத்தார் உழைப்புக்கு ஒரு மதிப்புப் போட்டுச் சேர்த்ததை ஏ2+எஃப்எல் என்றும் சொல்கிறார்கள். நிலத்தின் வாடகை, முதலீட்டுக்கான வட்டி எல்லாம் சேர்ந்தது சி2. எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான தேசிய விவசாயிகள் ஆணையம் செலவுக்கு மேல் 50 சதவீதம் கொடுக்கச் சொன்னது. அது சி2-வின் மேல் வேண்டும் என்பது விவசாயச் சங்கங்களின் கோரிக்கை. 2018-ல் மத்திய அரசு அறிவித்தது ஏ2+எஃப்எல்-லின் மேல். ஆக, உங்கள் அம்மா குச்சி குத்திப் பார்த்த உழைப்பு கொள்கை அளவில் எண்ணப்படுகிறது. ஆனால் மஞ்சளுக்கும் மல்லிகைக்கும் அந்த ஆதரவு விலையே கிடையாது.

அடுத்தது சட்டம். குழந்தைத் தொழிலாளர் சட்டத்தை 2016-ல் திருத்தியபோது 14 வயதுக்குக் கீழ் எல்லா வேலையும் தடை என்றார்கள். ஆனால் பள்ளி முடிந்த பிறகும் லீவிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவலாம் என்று விலக்கு வைத்தார்கள்.

என் கருத்து, அந்த விலக்கு ஆபத்தானது. பள்ளி முடிந்த பிறகு என்பதை யார் பார்ப்பது? அறுப்பு வந்தால் என் வகுப்பில் கடைசி இரண்டு பெஞ்சு காலி. வருகிறவர்களும் தூங்கி விழுகிறார்கள். மல்லி அக்கா எழுதியதுதான் இன்றைக்கும் நடக்கிறது, முதலில் நிற்பது பெண் குழந்தைதான்.

#8 கீழ்பவானி மடை

கரும்பலகை ஐயா, ஆபத்தில்லாத என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் பேச வேண்டும். நாங்கள் அந்த வயதில் எண்ட்ரின் பூச்சிமருந்து அடித்தோம். டப்பாவைத் திறந்து வாளியில் ஊற்றி, கிடைத்த குச்சியால் கலக்கி, குச்சி இல்லாவிட்டால் கையாலேயே கலக்கி, தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு காற்றுக்கு எதிரே நடப்போம். சாயங்காலம் தலை சுற்றி வாந்தி வரும். மோர் கொடுத்துப் படுக்க வைப்பார்கள். 1990-ல் எண்ட்ரினைத் தடை செய்தார்கள். அதற்குள் எங்கள் ஊர்ப் பையன்கள் எத்தனை பேர் அதை மூச்சில் இழுத்தோம் என்று யாரும் எண்ணவில்லை. குடும்பத் தோட்டம் என்பதற்காக மருந்து நம்மை விட்டுவிடாது. பதினெட்டு வயது ஆகாத யாரும் மருந்து கலக்கவோ தெளிக்கவோ கூடாது. கொப்பரைப் பக்கமும் தனியாக நிற்கக் கூடாது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

மடை திருப்புவது, விதை மஞ்சள் பொறுக்குவது, மாட்டுக்குத் தட்டு அறுத்துப் போடுவது, களத்தில் காய வைத்ததைத் துழாவி விடுவது, இதெல்லாம் வேறு. படிப்பைத் தொடாத அளவில் பிள்ளைகள் அதைச் செய்தால் நல்லது என்றே நினைக்கிறேன். 2010-ல் மஞ்சள் குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டி, இரண்டே வருடத்தில் நாலாயிரத்தை ஒட்டி விழுந்தபோது, விற்காமல் வைத்திருக்கலாமா என்று வீட்டில் பெரிய பேச்சு. அப்போது என் மகளுக்குப் பதினான்கு. இருப்பில் வண்டு விழுந்தால் என்ன விலை வந்தாலும் பயனில்லை என்று அவள்தான் சொன்னாள். லீவில் தாத்தாவோடு மூட்டையைப் பிரித்துப் பார்த்துப் பழகியதால் வந்த அறிவு அது.

மல்லி, உங்கள் பதிவைப் படித்துவிட்டு அக்காவுக்குப் போன் செய்தேன். எங்கள் வீட்டில் பாகம் பிரிக்கும்போது அக்கா நேராகவே கேட்டார். நான் மஞ்சள் துழாவின களத்தில் எனக்கும் பங்கு உண்டு என்றார். ஊரில் சிலர் முகம் சுளித்தார்கள். அப்பாதான், அவள் சொல்வது நியாயம் என்று பதிவு செய்து கொடுத்தார். அக்கா நிலத்தையும் நான்தான் பார்க்கிறேன், வருடா வருடம் கணக்கு கொடுத்துவிடுவேன். அந்தக் கணக்கில் என் மனைவியின் உழைப்பும் என் உழைப்பும் நாள் கணக்கில் எழுதப்படுகிறது.

#9 ஒட்டன்சத்திரம் தக்காளி

எனக்கு இருபத்து மூன்று வயது. உங்கள் எல்லாருக்கும் நேர் எதிரான கதை. அப்பா என்னைக் காட்டுக்குள் விடவே இல்லை. நீ படி, இந்தச் சனியன் என்னோடு போகட்டும் என்பார். விடுதியில் சேர்த்துவிட்டார். இப்போது அப்பாவுக்கு முட்டி தேய்ந்துவிட்டது, நான் வேலையை விட்டுவிட்டு வந்து தக்காளியும் முருங்கையும் பார்க்கிறேன். விதை, உரம், விலை நிலவரம் எல்லாம் போனில் கிடைக்கிறது. ஆனால் தண்ணீர் போதுமா, செடி வாடுவது வெயிலாலா வேர் அழுகலாலா என்பதைப் பார்த்ததும் சொல்லத் தெரியவில்லை. நீங்கள் பதினைந்து வயதில் கற்றதை நான் இப்போது கற்கிறேன், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு வெள்ளாமை செலவாகிறது. அப்பா நல்லெண்ணத்தில்தான் செய்தார். கொஞ்சமாவது காட்டியிருக்கலாம்.

எங்கே ஆரம்பிப்பது என்று யாராவது சொல்லுங்கள்.

#10 மல்லி

தம்பி, வாட்டத்தைக் காலையில் போய்ப் பார். உச்சி வெயிலில் எல்லாச் செடியும் தொய்ந்துதான் நிற்கும். விடியற்காலையிலும் நிமிராமல் இருந்தால் தண்ணீர்க் குறையோ வேரில் கோளாறோ இருக்கிறது. மண்ணை ஒரு சாண் தோண்டி உருட்டிப் பார். உருண்டை பிடிக்கிறது, ஆனால் செடி வாடுகிறது என்றால் தண்ணீர் விடாதே, ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார். அப்புறம், உன் காட்டில் களை வெட்ட வருகிற பெண்களோடு ஒரு நாள் முழுக்க நீயும் வெட்டு. எந்த மூலையில் தண்ணீர் தேங்கும், எங்கே புழு முதலில் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். கேட்டால் சொல்வார்கள். கேட்கத்தான் ஆள் இல்லை.

#11 செம்மண்

மல்லி சொன்னது முழுக்கச் சரி. கூடவே அப்பாவை வரம்பில் ஒரு கதிரை போட்டு இருத்துங்கோ. முட்டி ஏலாட்டியும் கண் ஏலும். எங்கட அப்பாச்சி அப்படி இருந்துதான் எங்களுக்குக் குழை தாட்டக் காட்டினா.

#12 பத்திர எழுத்து

மல்லி அம்மாவின் நாலாவது பதிவுக்காக வருகிறேன். நான் வக்கீல் இல்லை, பத்திரம் எழுதுகிற தொழிலில் பல வருடமாக இருக்கிறேன்.

தமிழ்நாட்டில் மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் சம பங்கு கொடுத்த இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் 1989 மார்ச் 25-ல் அமலுக்கு வந்தது. அதற்கு முன் கல்யாணமானவர்களை அது சேர்க்கவில்லை. 1988 என்பதால் நீங்கள் அதில் வரமாட்டீர்கள். ஊரில் நிறையப் பேர் கதை இதோடு முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. 2005 செப்டம்பர் 9-ல் அமலான மத்தியச் சட்டத் திருத்தத்தில் கல்யாணத் தேதி என்ற தடையே இல்லை. அந்த நாளில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பாகப்பிரிவினை முறையாகப் பதிவாகி முடிந்திருந்தால் அதைத் திறக்க முடியாது.

தோட்டம் உங்கள் அப்பா சுயமாகச் சம்பாதித்து வாங்கியது, உயில் இல்லை என்றால் பாதை இன்னும் நேரானது. 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மகனுக்கும் மகளுக்கும் சம பங்கு. ஆகவே முதலில் தெரிய வேண்டியது இரண்டு. நிலம் பூர்வீகமா, அப்பா வாங்கியதா? தம்பிகள் பிரித்துக்கொண்டது எந்தத் தேதியில் பதிவானது, அல்லது வாய்மொழியோடு நின்றதா? பதிவுத்துறை இணையதளத்தில் சர்வே எண் போட்டு, அந்த நிலத்தில் பதிவான பத்திரங்களைக் காட்டுகிற வில்லங்கச் சான்றைப் பார்க்கலாம். நீங்கள் எப்போதாவது, பங்கை விட்டுக்கொடுக்கிற விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா என்பதையும் யோசித்துப் பாருங்கள்.

#13 மல்லி

ரொம்ப நன்றி ஐயா. விடுதலைப் பத்திரம் எதிலும் நான் கையெழுத்துப் போடவில்லை, அது உறுதி. தோட்டத்தில் பாதி தாத்தா வைத்தது, கிணற்றுக்குக் கிழக்கே உள்ளதை அப்பா பூ விற்ற காசில் வாங்கினார், அந்தப் பத்திரம் எழுதிய அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். சர்வே எண் பெரிய தம்பியிடம்தான் இருக்கிறது. மறைத்து எடுக்க விருப்பமில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை போய் நேரிலேயே கேட்கிறேன். சான்று வந்ததும் தேதியை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்.